நிதானம் அக்காவும் சாயங்கால ஏற்றமும்

அக்காவுக்கு நிதானம் என்ற அந்தப் பேரை வைத்தது நான்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை வருஷம் வேலை பார்த்தவனுக்கு ஒரு பேர் வைக்கும் உரிமைகூட இல்லையென்றால் எப்படி? அனல் மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் அக்காவுக்கு பாய்லர் மேஜை, எனக்கு டர்பைன் மேஜை. அவள் நிலக்கரியை எரித்து நீராவி தருவாள்; நான் அதை வாங்கிச் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் ஆக்குவேன். அதாவது அவள் சமைக்க வேண்டும், நான் சாப்பிட வேண்டும் என்று அவளிடமே சொல்வேன். சமைக்கிறவள் ஆற அமரச் சமைத்தால் பசியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு எப்படி இருக்கும்? எனக்குப் பசியும் தாங்காது, பொறுமையும் கிடையாது.

மற்றவர்கள் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் ஏற்றிவிடும் சூட்டை அக்கா ஒரு விருந்தே சாப்பிட்டு முடிக்கிற நேரம் எடுத்து ஏற்றுவாள். கொஞ்சம் கரி கூட்டுவாள், திரையைப் பார்ப்பாள், மூக்குக்கண்ணாடியைத் துடைப்பாள், மறுபடி பார்ப்பாள். அப்புறம்தான் அடுத்த கொஞ்சம்.

"அக்கா, இப்பத்தான் ஒரு நத்தை உங்களைத் தாண்டிப் போச்சு."

"போகட்டும்டா. அதுக்கு வீட்டுல என்ன அவசரமோ."

இப்படித்தான் பதில் வரும். கோபமே வராது. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம் வரும்.

முன்பு இந்த நிதானத்தால் பெரிய கெடுதல் இருந்ததில்லை. பாய்லரும் டர்பைனும் சேர்ந்த எங்கள் யூனிட் ஒரு முறை எரிய ஆரம்பித்தால் மாதக்கணக்கில் முழு லோடில் ஓடும். ராத்திரி பகல் கிடையாது, ஏற்றம் இறக்கம் கிடையாது. மேஜைக்கு முன்னால் கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலையில் பாதி. பிறகு சூரிய மின்சாரம் வந்தது, காற்றாலைகள் வந்தன. வெயில் சும்மா கொடுக்கும்போது கரியை எதற்கு எரிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆகவே மத்தியானம் ஆனால் லோடைப் பாதிக்குக் கீழே இறக்கு என்று மின்சாரத்தைப் பங்கிடும் கிரிட் ஆபீஸிலிருந்து போன் வரும். சாயங்காலம் சூரியன் வீட்டுக்குப் போய்விடும். அதே நேரம் பார்த்து ஊர் மொத்தமும் வீட்டுக்கு வந்து சுவிட்சைத் தட்டும். ஏற்று, ஏற்று, சீக்கிரம் ஏற்று என்று அதே போன் அலறும். ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த யூனிட், கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் ஆளாகிவிட்டது.

இறக்குவதில் அக்காவை மிஞ்ச ஆள் இல்லை. பெரிய பாய்லரில் தீயைக் குறைத்து வைப்பது அடுப்பை சிம்மில் வைப்பதுபோலத்தான். லேசாகக் காற்று மாறினாலும் தீ நடுங்கும், அணைந்தும் போகும். மற்றவர்கள் பயந்துபோய் உடனே எண்ணெயைப் பீய்ச்சித் தீயைத் தூக்கி நிறுத்துவார்கள். அக்கா எண்ணெய் பட்டன் பக்கமே கையைக் கொண்டு போகமாட்டாள். காற்றை ஒரு இழை குறைப்பாள், தீ நிமிர்ந்துவிடும். தூங்கும் குழந்தைக்குப் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி இருக்கும் அவள் செய்வது. மத்தியானம் அவளைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருக்கும். சாயங்காலம் அதே அக்காவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வேன்.

எங்கள் ஷிப்ட் இன்சார்ஜுக்குக் கத்தத் தெரியாது. எதையும் மெதுவாகச் சொல்வார். அவர் மெதுவாகச் சொன்னால்தான் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு நாள் ஏற்றம் முடிந்ததும் அக்காவின் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னிக்கும் லேட். ஏறத் தெரியாத யூனிட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு மேல கேக்கறாங்க."

"ஏத்தறேன் சார்."

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கறேன். அப்புறம் உங்களை வாட்டர் பிளாண்ட்டுக்கு மாத்தறதைத் தவிர எனக்கு வேற வழி தெரியல."

அக்கா தலையை ஆட்டினாள். மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திறக்காமலே திரும்ப வைத்தாள்.

தண்ணீரைச் சுத்தம் செய்யும் அந்தப் பிரிவு ஒன்றும் மோசமான இடமில்லை. நிழல் உண்டு, குளிர்ச்சி உண்டு, மனுஷர்களும் நல்லவர்கள். ஆனால் அங்கே நெருப்பு இல்லை. அக்கா கரி வரும் பெல்ட் பக்கத்தில் மண்வெட்டியோடு வேலைக்குச் சேர்ந்தவள். வேலை முடிந்து படித்து, பரீட்சை எழுதி, தோற்று, திரும்ப எழுதி, பாய்லர் மேஜைக்கு வந்தவள். அந்த நாற்காலிக்கு அவள் வீட்டிலிருந்து ஒரு மெத்தை தைத்துக் கொண்டுவந்து போட்டிருந்தாள். வேறு ஷிப்ட் ஆள் அதில் உட்கார்ந்தால்கூட அவளுக்குப் பிடிக்காது. அதிலிருந்து அவளை எழுப்புவது என்றால் எனக்கே பொறுக்கவில்லை.

மறுநாள் கேன்டீனில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, எனக்குக் கெட்ட கோபம் வருது. மெட்டல் சூடு காட்டறதுக்குப் புது மீட்டரெல்லாம் மாட்டிட்டாங்க. சிவப்புக் கோட்டைத் தொடாம எவ்வளவு வேகமாப் போனாலும் ஒண்ணும் ஆகாதுன்னு பாடம் எடுத்தாங்க. நீங்களும்தானே முன் வரிசையில உக்காந்து கேட்டீங்க? நீங்க அந்தக் கோட்டுக்குப் பாதி தூரத்துலயே நின்னுடறீங்க. என்னதான் பயம் உங்களுக்கு?"

அந்தப் புது மீட்டர் விஷயம் இதுதான். குளிர்ந்த கண்ணாடி டம்ளரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும் அல்லவா? பாய்லரின் தடித்த இரும்புக்கும் அதே கதி. உள்பக்கம் சூடேறி வெளிப்பக்கம் ஏறாமல் இருந்தால் இரும்பு வலி தாங்காது. உள்ளுக்கும் வெளிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று திரையில் ஒரு கோடு ஓடும். அதற்கு மேலே தாண்டக்கூடாத சிவப்புக் கோடு.

அக்கா தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"கோடு சரியாத்தான் இருக்கும்டா. ஆனா ஒரு நாள் அது தப்பாப் போச்சுன்னு வெச்சுக்கோ. குழாய் வெடிக்கும். வெடிச்சா உள்ள போறது யாரு?"

உள்ளே போவது யார் என்று நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். அக்காவின் வீட்டுக்காரர்.

நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். பாய்லர் குழாய் வெல்டர். பாய்லருக்குள் ஆயிரக்கணக்கான குழாய்கள் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கும். ஒன்று வெடித்தால் யூனிட்டை நிறுத்தி, ஆறவிட்டு, ஆள் நுழையும் துளை வழியாக மாமா தவழ்ந்து உள்ளே போவார். ஆற்றினாலும் உள்ளே வெக்கை போகாது. குழாயின் முதுகுப் பக்கம் கண்ணுக்கே தெரியாது. அங்கே ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அதில் தெரிகிற பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே வெல்டிங் வைக்க வேண்டும். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் தெரியும். அதில் கை பழகியவர்கள் எங்கள் இடத்தில் இரண்டோ மூன்றோ பேர். அவர்களில் மாமாதான் முதல் ஆள். அது அவருக்கும் நன்றாகத் தெரியும். "என் ஜாயின்ட் விட்டுப்போச்சுன்னு எவனாவது காட்டினா மீசையை எடுத்துடறேன்" என்பார். தடித்த மீசை அது. யாரும் அதை எடுக்க வைத்ததில்லை.

"வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா நீ பாக்கணும் அவரை," என்றாள் அக்கா. "முட்டி ரெண்டும் வீங்கியிருக்கும். கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியுதும்பாரு. ஈரத்துணியைக் கண்ணுல போட்டுக்கிட்டு சுவத்துல சாஞ்சே தூங்குவாரு. நான் பக்கத்துல உக்காந்து துணியை மாத்தி மாத்திப் போடுவேன். அப்பல்லாம் ஒண்ணுதான் தோணும். இது என் கையால வரக்கூடாது. வேற யாரு ஏத்தி வெடிச்சாலும் வெடிக்கட்டும், நான் ஏத்தி வெடிக்கக்கூடாது."

"மாமாவுக்குத் தெரியுமா?"

"சொல்லித் தொலைச்சிடாதே."

என் வாயில் எள்ளு நனையாது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தே என்னிடம் சொன்னாள் என்றுதான் இன்றுவரை நான் நினைக்கிறேன். அன்று ஷிப்ட் முடிந்ததும் நேராக வெல்டிங் ஷெட்டுக்குப் போனேன். மாமா கம்பிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அக்கா ஏன் மெதுவாக ஏற்றுகிறாள், நாற்காலி எப்படிப் போகப் போகிறது, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

"எனக்காகவா?" என்றார்.

"பின்ன எனக்காகவா?"

நான் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அன்று வீட்டில் நடந்ததை அக்காவே அடுத்த நாள் சொன்னாள். என்னைத் திட்டிவிட்டுத்தான் சொன்னாள். மாமா சாப்பிட உட்கார்ந்து, சாப்பிடாமல், கோபமாக ஆரம்பித்தாராம்.

"நீ மேஜையில உக்காந்துக்கிட்டு என்னைக் காப்பாத்த வேணாம். நான் அடுப்புக்குள்ள தவழ்ந்து போறப்ப உன்னை நெனைக்கறேனா? நெனைச்சா கை நடுங்கும், ஜாயின்ட் கோணிக்கும். அங்க குழாயை மட்டும்தான் நெனைப்பேன். நீயும் அங்க என்னை நெனைக்காதே. குழாயை நெனை."

"ஒரு தடவைகூட நெனைச்சதில்லையா?" என்று இவள் கேட்டாளாம். சண்டைக்கு நடுவிலும் இதைக் கேட்காமல் விடவில்லை பாருங்கள்.

"வெளிய வந்தப்புறம் நெனைப்பேன்," என்றாராம் மாமா. அதைச் சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திட்டு வாங்கிய எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அவள் இதைச் சொன்ன அன்று மாலையே கிரிட்டிலிருந்து வழக்கமான போன் வந்தது. அக்கா மெத்தையைச் சரிசெய்து உட்கார்ந்தாள். இன்சார்ஜ் பின்னால் வந்து நின்றுகொண்டார். நிற்காத மாதிரி நின்றார். அக்கா கரி அரைக்கும் மில் ஒன்றைத் தொடங்கினாள், கரி பொடியாகி உள்ளே போனது. காற்றைக் கூட்டினாள். திரையில் கோடு சிவப்பை நோக்கி ஏறியது. வழக்கமாக அவள் நிற்கும் இடம் வந்தது. அவள் நிற்கவில்லை. உதடு மட்டும் ஏதோ முணுமுணுத்தது. காதைத் தீட்டிக் கேட்டேன். "குழாய், குழாய், குழாய்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கோடு சிவப்புக்குச் சற்றுக் கீழே போய் அங்கேயே பிசகாமல் ஓடியது. தொடவுமில்லை, தொய்யவுமில்லை. நீராவி என் பக்கம் வந்த வேகத்தில் நான்தான் திணறினேன்.

"என்னடா, பசிச்சுதே உனக்கு? சாப்பிடு," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

லோடு நேரத்துக்கு முன்னாலேயே ஏறி நின்றது. இன்சார்ஜ் தன் அறைக்குப் போய் எல்லோருக்கும் டீ சொல்லி அனுப்பினார். அக்கா எழுந்து கை கழுவப் போனாள். போனவள் வர நேரமாயிற்று. வந்தபோது முகமும் கழுவியிருந்தாள். அழுதீர்களா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் கொஞ்சம் இங்கிதம் உண்டு.

அதன்பிறகு சாயங்கால ஏற்றம் என்றாலே அக்காவை உட்கார வை என்று மற்ற ஷிப்ட்காரர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். வாட்டர் பிளாண்ட் பேச்சு தானாக அடங்கியது. பேர் மட்டும் மாறவில்லை. நிதானம் வேறு, மந்தம் வேறு என்று நானே எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகுதான் அந்தச் சாயங்காலம். ஏற்றம் முக்கால்வாசி முடிந்திருந்தது. பாய்லருக்குப் போகும் தண்ணீரின் அளவு காரணமில்லாமல் கூடியது. பாய்லரைச் சுற்றி ரோந்து போயிருந்த ஆள் போனில் கூப்பிட்டு, உள்ளே சீறல் சத்தம் கேட்கிறது என்றான். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் குரல் பிசகவில்லை.

"குழாய் போயிடுச்சு. லோடை இறக்கறேன். நீ தயாரா இரு."

யூனிட்டை முறைப்படி இறக்கி நிறுத்தினோம். நிறுத்தியபின் அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நான் தோளைத் தொட்டதும்தான் எழுந்தாள். அதற்குள் வராண்டாவில் பேச்சு கிளம்பிவிட்டது. வேகமாக ஏற்றினால் இப்படித்தான் என்றான் ஒருவன். ஆமையைப் பிடித்துக் குதிரைப் பந்தயத்தில் விட்டால் என்ன ஆகும் என்றான் இன்னொருவன். அவன் சட்டையைப் பிடிக்கப் போன என்னை நாலு பேர் இழுத்துப் பிடித்தார்கள்.

"விடுடா," என்றாள் அக்கா. "என் கையால வந்துடுச்சு. இனிமே நான் அந்த மேஜையில உக்கார மாட்டேன். இன்சார்ஜ்கிட்ட நானே சொல்லிடறேன்."

"கோடு சிவப்பைத் தொடவே இல்லையே அக்கா!"

"கோட்டுக்கா முட்டி வீங்கும்?"

பாய்லர் ஆறுவதற்கு ஒரு முழு நாளும் மேலே கொஞ்சமும் ஆனது. உள்ளே சாரம் கட்டினார்கள், விளக்கு இழுத்தார்கள், காற்றடிக்கும் விசிறி வைத்தார்கள். மாமா முட்டிக்குத் தடித்த துணி கட்டிக்கொண்டு நுழைவுத் துளையில் தலையை விட்டார், தோளை விட்டார், கடைசியில் அவருடைய பூட்ஸின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது, அதுவும் மறைந்தது. வெளியே இன்சார்ஜ், குழாயைச் சோதிக்க வந்த டெஸ்டிங் பிரிவுக்காரர், சாரம் கட்டியவர்கள், வேடிக்கை பார்க்க வந்த வெல்டர்கள், நான். அக்கா எல்லோருக்கும் பின்னால் ஒரு தூணோடு தூணாக நின்றாள். அவளுக்கு அன்று வேலை நாள்கூட இல்லை.

உள்ளே அறுக்கும் சத்தம் கேட்டது, நின்றது. பிறகு மாமா பின்பக்கமாகவே தவழ்ந்து வெளியே வந்தார். முகம் முழுக்கச் சாம்பல். கையில் வெடித்த இடத்தோடு வெட்டியெடுத்த குழாய்த் துண்டு. டெஸ்டிங்காரர் கை நீட்டினார். மாமா கொடுக்கவில்லை. துண்டைத் திருப்பி, முதுகுப் பக்கத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் காட்டினார்.

"என் ஜாயின்ட்," என்றார்.

சாரம் கட்டியவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது நான் முன்ன கண்ணாடி வெச்சு ஒட்டினது. உள்ள ஒரு பொட்டு சரியா நிரம்பல. முழு லோடுல ஆடாம அசையாம ஓடினப்ப ஒளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. தெனமும் ஏறி இறங்கவும் வாயைத் திறந்துடுச்சு. ஏத்தினவங்க மேல தப்பில்ல. ஒட்டினவன் மேல."

டெஸ்டிங்காரர் துண்டை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆமாம், பழைய ஒட்டில்தான் ஆரம்பித்திருக்கிறது, பக்கத்துக் குழாய்களில் சூட்டுக் காயம் எதுவும் இல்லை என்றார். இன்சார்ஜ் மெதுவாக, அந்தக் காலத்து ஜாயின்ட்களை எல்லாம் இந்த நிறுத்தத்திலேயே சோதித்துவிடலாம் என்றார். பின்னாலிருந்து ஒரு வெல்டர், "அண்ணே, சவரக் கத்தி கொண்டாரவா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு அவர் கண் வரைக்கும் ஏறவில்லை. ஒரு மனுஷன் தன் கையெழுத்தைத் தானே அடித்துவிட்டு நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

தூணருகில் நின்றவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவ்வளவு வேகமாக அக்கா நடந்து நான் பார்த்ததில்லை. நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. நெஜமாவே உங்க ஜாயின்ட்தானா? எனக்காகச் சொல்றீங்களா?"

மாமா சாம்பல் கையால் நெற்றியைத் துடைத்தார். இருந்த கறுப்பு இன்னும் கூடியது.

"உனக்காகப் பொய் சொல்றதா இருந்தா, அடுத்தவன் ஜாயின்ட்னு சொல்லியிருக்க மாட்டேனா?"

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு முதலில் துடித்தது, அப்புறம் ஒரு பக்கமாகக் கோணியது, அப்புறம் சிரித்தேவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். எங்கள் முன்னால் எதையும் காட்டிக்கொள்ளாதவள், கைக்குட்டையை எடுத்து அவர் கண்ணோரச் சாம்பலை ஒற்றி ஒற்றித் துடைத்தாள். இன்சார்ஜ் எங்கோ மேலே பார்த்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பது?

துடைத்து முடித்ததும் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு, நுழைவுத் துளையைக் கை காட்டினாள்.

"சரி, உள்ள போங்க. போய் ஒழுங்கா ஒட்டுங்க. யூனிட் கிளம்பினா சாயங்காலம் நான் ஏத்தணும்."

மாமா முட்டித் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். குனிந்து, தலையை விட்டு, தோளை விட்டு, மறுபடியும் அடுப்புக்குள் தவழ்ந்து போனார்.